மழைமறைவில் ஆர்க்கிட்: புனேயின் வீட்டுத் தோட்டங்களுக்குப் பின்னால் உள்ள இருநூறு ஆண்டு

தமிழ்நாட்டுப் பள்ளியில் மேல்நிலை வகுப்பில் தாவரவியல் பயின்றவர்களுக்கு வாண்டா என்ற பெயர் மறந்திருக்காது. தொற்றுத் தாவரத்துக்கு எடுத்துக்காட்டு, காற்றில் தொங்கும் வேர், அவ்வேரைப் போர்த்திய வெலமன் திசு என்று இரண்டு மதிப்பெண் விடையாக அது நினைவில் தங்கியிருக்கும். அந்த விடையை எழுதியவர்களில் பெரும்பாலோர் அச்செடியை நேரில் கண்டிருக்க வாய்ப்பில்லை. வாண்டா என்பதே இந்திய மண்ணின் சொல். மரத்தின்மேல் வளரும் செடியைக் குறிக்கும் வடமொழிச் சொல்லை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வில்லியம் ஜோன்ஸ் எடுத்தாண்டார்; அதுவே பின்னர்ப் பேரினப் பெயராக நிலைபெற்றது. ஊர்ப்பேச்சில் இவ்வகைச் செடிகளைப் புல்லுருவியோடு சேர்த்து எண்ணுவது இன்றும் உண்டு. அது பிழை. புல்லுருவி மரத்தின் சாற்றை உண்ணும். ஆர்க்கிட் மரத்தில் இடம் மட்டுமே கேட்கும். மராத்தியில் இக்குடும்பத்துக்கு 'ஆமரி' என்று தனிப்பெயர் வழங்குகிறது.

இந்தச் செடியை வீட்டில் வளர்ப்பதன் வரலாற்றை எழுத முற்படுவோர் கொல்கத்தாவையோ டார்ஜிலிங்கையோ பெங்களூரையோ முதலில் நினைப்பார்கள். புனே நினைவுக்கு வராது. அதற்குக் காரணம் உண்டு. ஆர்க்கிடுகளின் நாட்டுக்கு மிக அருகில் இருந்தும் அந்நாட்டுக்குள் அடங்காத நகரம் அது. அந்த ஓரத்து இருப்பினாலேயே புனே ஆய்வுக்கு உகந்த இடமாகிறது. இங்கே இச்செடியை வளர்க்க முயன்ற ஒவ்வொருவரும், அரசுத் தோட்டத்தின் கண்காணிப்பாளர் முதல் இன்று ஐந்தாவது மாடியில் வசிக்கும் மென்பொருள் ஊழியர் வரை, ஒரே கேள்விக்கு விடை தேட வேண்டியிருந்தது: இச்செடி எப்போது நீரை வேண்டுகிறது, எப்போது வேண்டாமலிருக்கிறது? பெயரிடலும் சேகரித்தலும் வரலாற்றில் விரிவாகப் பதிவாகியுள்ளன. நீர் வார்த்தவர்களின் அறிவு மிகக் குறைவாகவே பதிவாகியுள்ளது. செடியைக் காப்பாற்றியது அந்த இரண்டாவது அறிவுதான்.

*மலையின் நாட்காட்டி*

புனே கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 560 மீட்டர் உயரத்தில், சஹ்யாத்ரி மலைத்தொடரின் கீழைச் சரிவில் அமைந்தது. அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று தன் நீரின் பெரும்பகுதியை மலைமுகட்டிலேயே இறக்கிவிடுகிறது. சுமார் 65 கிலோமீட்டர் மேற்கே உள்ள லோணாவளாவில் ஆண்டுக்கு 4000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. தெற்கே மகாபலேஷ்வரில் 5000 மில்லிமீட்டரையும் தாண்டும். புனே நகருக்குக் கிடைப்பது ஏறத்தாழ 700 மில்லிமீட்டர். இரண்டு மணிநேரப் பயணத்துக்குள் ஒரு நாடு முடிந்து மற்றொரு நாடு தொடங்கிவிடுகிறது.

மழை மிகுந்த மேற்கிலும் ஆண்டு முழுவதும் ஈரம் இருப்பதில்லை என்பதே இங்கே கருதத்தக்க செய்தி. ஜூன் முதல் செப்டம்பர் வரை நான்கு மாதம் வானம் திறந்து கிடக்கும். எஞ்சிய மாதங்களில் மழை அரிது. வட சஹ்யாத்ரியின் ஆர்க்கிடுகள் இந்த இரு முனைகளுக்கும் பழகியவை. டென்ட்ரோபியம் பார்பாட்டுலம் மழைக்காலத்தில் இலைவிட்டுத் தண்டில் நீரையும் உணவையும் சேமிக்கும். மழை நின்றபின் இலைகளை உதிர்த்து, வறண்ட மாதங்களில் வெறுந்தண்டின்மீது வெண்ணிறப் பூங்கொத்தைத் தாங்கும். ஏரிடிஸ் இனங்கள் கோடையின் இறுதியிலும் முதல் மழையின்போதும் பூக்கும். சீதையின் கூந்தல் பின்னல் என்ற பொருளில் மராத்தியில் 'சீதேசி வேணி' எனப்படும் ரிங்கோஸ்டைலிஸ் ரெட்டுசாவும் மழையை எதிர்நோக்கிப் பூப்பதே. அசாமியப் பெண்கள் பிஹு விழாவில் சூடும் கபௌ மலரும் இதே இனம். தரையில் வாழும் ஹபெனேரியாக்கள் ஜூனில் முளைத்து, ஜூலை முதல் செப்டம்பருக்குள் பூத்து, பின் மண்ணுக்குள் கிழங்காகச் சுருங்கிவிடும்.

ஆகவே, நீர் இல்லாத காலம் இச்செடிகளுக்குத் துன்பக்காலம் என்பது முழு உண்மையன்று. பலவற்றுக்கு அது பூப்பதற்குரிய முன்னிபந்தனை. இதை அறியாமல் ஆண்டு முழுவதும் அன்போடு நீர் வார்ப்பவர் செடியை அழுகச் செய்கிறார், அல்லது பூவே காணாத இலைச்செடியாக வைத்துக்கொள்கிறார். இந்த எளிய உண்மையை உணர ஐரோப்பியத் தோட்டக்கலைக்குப் பல பத்தாண்டுகள் தேவைப்பட்டன.

*தாபோடியும் ஒரு பெயரற்ற ஓவியரும்*

1818இல் பேஷ்வா ஆட்சி முடிவுற்ற பிறகு புனே பம்பாய் மாகாணத்தின் மழைக்காலத் தலைநகராக உருப்பெற்றது. பேஷ்வாவின் படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கிய கேப்டன் ஃபோர்டு என்பவர் தாபோடியில் கட்டியிருந்த மாளிகையை ஆளுநர் சர் ஜான் மால்கம் அரசுக்காக வாங்கினார். ஆங்கில ஆவணங்களில் 'தாப்பூரி' என்று குறிக்கப்படும் அவ்விடத்தில் 1828இல் ஒரு தாவரவியல் தோட்டம் தொடங்கப்பட்டது. அதன் நோக்கம் அழகு அன்று. பருத்தி, காய்கறி, மருந்துச் செடி, மர நாற்று என்று வருவாய்க்கும் படைக்கும் பயன்படுவனவே அங்கு முதலிடம் பெற்றன.

1838இல் அதன் பொறுப்பை ஏற்றவர் அலெக்ஸாண்டர் கிப்சன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர். தக்காணத்தில் அம்மைத் தடுப்பூசிப் பணியில் ஊர் ஊராகச் சுற்றியவர் அவர். தாவர அறிவும் அந்தச் சுற்றலில் பெருகியது. 1847இல் பம்பாய் மாகாணத்தின் காடுகளுக்கும் பொறுப்பாளரானார். மலைக்காடு அழிந்தால் ஓடைகள் வற்றும் என்று அரசை எச்சரித்தவர்களில் அவர் ஒருவர். பம்பாய்க் கப்பல் தளத்துக்காகத் தேக்கு வெட்டப்பட்ட அதே காலத்தில், அழிவின் பழியைக் குமரி வேளாண்மை செய்த மலைவாழ் மக்கள்மீது அவர் பெரிதும் சுமத்தினார் என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். நிக்கல் டால்செல் என்பவருடன் இணைந்து அவர் 1861இல் வெளியிட்ட பம்பாய்த் தாவரநூல், இப்பகுதி ஆர்க்கிடுகளை அறிவியல் வரிசையில் ஒருங்கே வைத்துக் காட்டிய தொடக்ககால நூல்களுள் ஒன்று.

1847 முதல் 1850 வரை கிப்சன் தோட்டத்தில் ஓர் ஓவியரைப் பணியமர்த்தினார். அவர் தீட்டிய நூற்றுக்கும் மேற்பட்ட செடிப் படங்கள் இன்று எடின்பரோ அரச தாவரவியல் தோட்டத்தில் உள்ளன. ஹென்றி நோல்டி 2002இல் வெளியிட்ட ஆய்வுநூல் அவற்றை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. ஓவியர் போர்த்துக்கீசிய மரபு கலந்த இந்தியர் என்ற அளவுக்கு மேல் அடையாளம் கிடைக்கவில்லை. அவர் பெயர் தெரியாது.

இதே காலத்துச் சென்னை மாகாணத்தை ஒப்பிட்டால் வேறுபாடு புலனாகும். ராபர்ட் வைட் 1838 முதல் 1853 வரை வெளியிட்ட தாவரப் படத்தொகுதிகளில் ரங்கையா, கோவிந்து என்னும் ஓவியர்களின் பெயர்கள் பதிவாகியுள்ளன. வைட் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே 'கோவிந்தூயா' என்று தம் ஓவியரின் பெயரைச் சூட்டினார். பிற்கால வகைப்பாட்டில் அது ட்ரோபிடியா என்னும் பேரினத்துக்குள் அடங்கிவிட்டது. பெயர் இணைப்பெயராக மட்டும் எஞ்சியது. செடியை வரைந்தவர்களின் நிலை இதுவென்றால், அதற்கு நீர் சுமந்த மாலிகளின் நிலையைச் சொல்லவேண்டியதில்லை. புனேயின் தோட்ட வரலாறு முழுவதும் அவர்கள் 'மாலி' என்ற பொதுப்பெயராலேயே தோன்றி மறைகிறார்கள்.

*கண்ணாடிக் குடிலின் பிழை*

தாபோடித் தோட்டம் இயங்கிய காலத்தில்தான் இங்கிலாந்தில் ஆர்க்கிட் மோகம் உச்சத்தை நோக்கி ஏறியது. நத்தானியல் வார்ட் வடிவமைத்த மூடிய கண்ணாடிப் பெட்டி 1830களில் கடற்பயணத்தில் செடிகளைக் காத்தது. செல்வர்களின் தோட்டங்களில் கண்ணாடிக் குடில்கள் எழுந்தன. வெப்பமண்டலச் செடி என்றால் கொதிக்கும் வெப்பமும் புழுங்கும் ஈரமும் வேண்டும் என்ற நம்பிக்கையில், பனிமூட்ட மலையின் செடியும் கடலோரச் செடியும் வறள்காட்டுச் செடியும் ஒரே சூடான அறைக்குள் அடைக்கப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை மாண்டன. மாண்டவற்றுக்கு ஈடாக மேலும் செடிகள் தருவிக்கப்பட்டன.

இதன் விலையை மலைகள் கொடுத்தன. டெவன்ஷயர் கோமகனின் சாட்ஸ்வர்த் தோட்டத்திலிருந்து ஜான் கிப்சன் என்ற இளைஞர் (புனேயின் அலெக்ஸாண்டர் கிப்சன் வேறு) 1835இல் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, காசி மலையிலிருந்து ஏராளமான ஆர்க்கிடுகளுடன் திரும்பினார். 1850இல் அதே மலைக்குச் சென்ற ஜோசப் ஹூக்கர், நீல வாண்டாவை ஏழு ஆள் சுமையளவுக்குக் கியூ தோட்டத்துக்காகத் திரட்டியதையும், அவற்றில் மிகச் சிலவே உயிரோடு இங்கிலாந்தை அடைந்ததையும் தம் பயணநூலில் தாமே பதிவுசெய்துள்ளார். நூற்றைம்பது ஆண்டுக்குள் நீல வாண்டா இந்தியச் சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலில் இடம்பெற வேண்டிய நிலை வந்தது.

திருத்தம் மெல்லத்தான் வந்தது. சாட்ஸ்வர்த்தில் ஜோசப் பாக்ஸ்டன் குடிலின் காற்றோட்டத்தைக் கூட்டி, பிறந்த இடத்தின் தட்பவெப்பத்துக்கேற்பச் செடிகளைப் பிரித்து வைத்தார். பெஞ்சமின் வில்லியம்ஸ் 1852இல் வெளியிட்ட ஆர்க்கிட் வளர்ப்போர் கையேடு பல பதிப்புகள் கண்டது. வளர்ச்சி, ஓய்வு என்னும் இரு பருவங்களைப் பிரித்தறிவது வளர்ப்புக் கலையின் அடிப்படையாயிற்று. சஹ்யாத்ரியின் காட்டுமரம் ஒவ்வோர் ஆண்டும் நடத்திக்காட்டிய பாடத்தை இங்கிலாந்து நிலக்கரி எரித்துக் கற்றுக்கொண்டது.

இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயருக்கு இவ்வறிவு நூல்வழியாகவே திரும்பி வந்தது. 1875இல் சாமுவேல் ஜென்னிங்ஸ், இந்தியாவிலும் பிற வெப்பமண்டல நாடுகளிலும் ஆர்க்கிடுகளை வளர்க்கும் முறைபற்றி ஒரு படநூல் வெளியிட்டார். அவர் கொல்கத்தாத் தோட்டக்கலைச் சங்கத்தைச் சேர்ந்தவர். கொல்கத்தாவின் காற்று கோடையிலும் ஈரமானது. புனேயின் ஏப்ரல் காற்றோ ஈரத் துணியை மணிநேரத்தில் உலர்த்திவிடும். இந்தியா என்ற ஒரே பெயரின்கீழ் எழுதப்பட்ட அறிவுரையையும் புனேயில் மறுபடி எடைபோட்டே பின்பற்ற வேண்டியிருந்தது.

*கால்வாயில் வந்த மலைமழை*

1860களில் தாபோடித் தோட்டம் கைவிடப்பட்டது. ஆளுநர் மாளிகை கணேஷ்கிண்டுக்கு மாறியது. இன்றைய சாவித்ரிபாய் புலே புனே பல்கலைக்கழகத்தின் முதன்மைக் கட்டடம் அதுவே. அதனருகே 1873இல் கணேஷ்கிண்ட் தாவரவியல் தோட்டம் உருவானது. அதன் கண்காணிப்பாளராக இருந்த மார்ஷல் உட்ரோ, புனே அறிவியல் கல்லூரியில் தாவரவியலும் கற்பித்தார். அவருடைய தோட்டக்கலைக் கையேடு பல பதிப்புகளாகப் பரவி, இந்திய வீட்டுத் தோட்டங்களுக்குரிய பொதுநூலாக விளங்கியது. அதே கல்லூரியின் முதல்வர் தியோடர் குக், 1901க்கும் 1908க்கும் இடையே பம்பாய் மாகாணத் தாவரநூலை வெளியிட்டார். அறிவு ஒருபுறம் உலர்தாவரத் தாள்களிலும், மறுபுறம் தொட்டிகளிலும் சேர்ந்துகொண்டிருந்தது.

தொட்டிக்கு நீர் எங்கிருந்து வந்தது என்பது தோட்டக்கலை நூல்கள் கேட்காத கேள்வி. முட்டா ஆற்றின் குறுக்கே கடக்வாஸ்லா அணை 1879இல் முடிவுற்றது. அதன் வலக்கரைக் கால்வாய் நகரின் ஊடாகவும் கண்டோன்மெண்ட் வழியாகவும் ஓடியது. மலையில் பெய்து ஆற்றில் ஓடிவிட்ட மழை, கோடையிலும் புனேக்கு அன்றாட நீராகக் கிடைக்கத் தொடங்கியது அதற்குப் பின்னரே. மேற்கிந்திய வேளாண் தோட்டக்கலைச் சங்கம் 1830இல் தோன்றியது. விக்டோரியா அரசியின் பட்டத்தால் பெயர்பெற்ற எம்பிரஸ் தோட்டம் அதன் பொறுப்பில் இன்றும் உள்ளது. குடியரசு நாளையொட்டி அங்கு நடைபெறும் மலர்க் கண்காட்சியில் புனேவாசிகள் தலைமுறைகளாகப் பல வகைப் பூச்செடிகளை அருகிருந்து கண்டு வந்துள்ளனர்.

ஆர்க்கிடின் பிறப்பிடமான மலையின் மழைநீரே கால்வாயும் குழாயும் கடந்து நகரத்துத் தொட்டியை அடைகிறது என்பதை உருவகமாகக் கொள்ளவேண்டியதில்லை. பொறியியல் உண்மையாகவே கொள்ளலாம். 1961 ஜூலை 12 அன்று பான்ஷேத் அணை உடைந்து, கடக்வாஸ்லாவும் தகர்ந்து, முட்டாக் கரையின் பழைய பேட்டைகள் வெள்ளத்தில் மூழ்கின. நடுமுற்றத்தில் துளசி மாடம் கொண்ட பல வாடா வீடுகள் அன்று அழிந்தன. அதன்பின் நகரம் பரந்து விரிந்தது. முற்றம் சுருங்கிப் பால்கனியானது.

*விதைக்குள் இருந்த தடை*

முற்றம் சுருங்கிய அதே காலத்தில் ஆர்க்கிட் பொதுமக்களின் கைக்கு வந்தது. இதற்கான காரணம் நீண்ட ஆய்வு வரலாற்றில் உள்ளது. ஓர் ஆர்க்கிட் காயில் இலட்சக்கணக்கான விதைகள் இருக்கும். தூசு போன்ற அவ்விதைகளில் முளைசூழ்தசை என்னும் சேமிப்புணவு கிடையாது. பிரெஞ்சு ஆய்வாளர் நோயல் பெர்னார் 1899இல், மண்ணிலுள்ள பூஞ்சையின் துணையால்தான் இவ்விதைகள் முளைக்கின்றன என்று கண்டறிந்தார். 1922இல் அமெரிக்காவின் கார்னல் பல்கலைக்கழகத்து லூயிஸ் நட்சன், சர்க்கரை கலந்த ஊடகத்தில் பூஞ்சையின்றியே முளைக்கச் செய்யலாம் என்று காட்டினார். 1960இல் ஜார்ஜ் மொரேல் நுனி ஆக்குத்திசுவிலிருந்து ஆர்க்கிடைப் பெருக்கும் முறையை வெளியிட்டார். காட்டிலிருந்து பிடுங்கி வரவேண்டிய செடி, கண்ணாடிக் குடுவையில் ஆயிரக்கணக்கில் பிறக்கத் தொடங்கியது.

இதற்கிடையே வீட்டுத் தோட்டமும் தன் பங்கை அளித்திருந்தது. சிங்கப்பூரில் ஆக்னஸ் ஜோக்கிம் என்ற ஆர்மீனியப் பெண்மணியின் தோட்டத்தில் கிடைத்த கலப்பின வாண்டாவை 1893இல் ஹென்றி ரிட்லி உலகுக்கு அறிவித்தார். 1981இல் அது அந்நாட்டின் தேசிய மலராயிற்று. வளர்த்தவரின் பெயரே மலருக்கு நிலைத்த அரிய நிகழ்வு அது. சிங்கப்பூரின் ஈரக்காற்றில் வேலியோரத்தில் செழித்த அந்தச் செடியைப் புனேயின் மொட்டைமாடியில் வைத்தால் என்னவாகும் என்பது, மீண்டும் தட்பவெப்பக் கேள்விதான்.

திசு வளர்ப்புத் துறையில் புனேக்குத் தனிச்சிறப்பு உண்டு. இங்குள்ள தேசிய வேதியியல் ஆய்வகத்தினர் மூங்கிலைச் சோதனைக் குழாயில் பூக்கவைத்த ஆய்வு 1990இல் நேச்சர் இதழில் வெளிவந்தது. புனேக்கும் லோணாவளாவுக்கும் இடையிலுள்ள தளேகாவில் பின்னர் மலர்ச் சாகுபடிக்கெனத் தனிப் பூங்காவே அமைந்தது. இன்று நகர நாற்றங்கால்களில் கிடைக்கும் பலேனாப்சிஸ், டென்ட்ரோபியம் கலப்பினங்கள் தாய்லாந்து, தைவான் முதலிய நாடுகளில் வளர்ந்த தொழிலின் வழித்தோன்றல்கள். சாட்ஸ்வர்த் கோமகனுக்குரியதாக இருந்தது, மாதச் சம்பளக்காரரின் சாளரத்தருகே வந்து நிற்கிறது.

*பால்கனியில் தொடரும் ஆய்வு*

கடையில் பூவோடு வாங்கிய செடி வீட்டில் இரண்டாம் முறை பூப்பதில்லை என்பது புனே வீடுகளில் பரவலாகக் கேட்கும் குறை. அக்குறைக்கு விடை காண்பவர்கள், தெரிந்தோ தெரியாமலோ மலையின் நாட்காட்டியைத் தம் வீட்டில் மறுபடி எழுதுகிறார்கள். முதல் படி மண்ணைக் கைவிடுவது. கரித்துண்டு, உடைந்த ஓடு, தென்னை மட்டைத் துண்டு ஆகியவற்றை இட்டு, பக்கங்களிலும் துளையுள்ள மண்தொட்டியில் வேருக்குக் காற்று கிடைக்கச் செய்கிறார்கள். மரக்கிளையின் நிலையைத் தொட்டிக்குள் கொண்டுவரும் முயற்சி அது.

அடுத்தது பருவம். ஜூன் முதல் செப்டம்பர் வரை வானம் மூடியிருக்கும்போது நீரைவிட ஈரத்தின் மிகுதியே பகை. பலேனாப்சிஸின் இலைக்குருத்தில் தேங்கும் ஒரு துளி அழுகலுக்குப் போதுமானது. அதனால் தொட்டியைத் தொடர்மழையிலிருந்து சற்று உள்ளே நகர்த்த வேண்டும். நத்தைகள் வரும் காலமும் இதுவே. அக்டோபர் வெயிலில் மீண்டும் நீர் தேவைப்படும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பநிலை 12 பாகையை ஒட்டி இறங்குகிறது. இரவுக் குளிர்ச்சி பலேனாப்சிஸுக்குப் பூந்தண்டு விடும் தூண்டுதல் என்பதால், புனேயின் குளிர்காலத் தொடக்கம் அதற்கு ஏற்றது; ஆயினும் கடுங்குளிர் இரவுகளில் அதை உள்ளே எடுத்துவைப்பதே நன்று. டென்ட்ரோபியம் நோபிலே வகையினருக்கு இக்காலத்தில் நீரைக் குறைத்து ஓய்வு தரவேண்டும். இலை உதிர்ந்துவிட்டதே என்று இரங்கி நீரைக் கூட்டுவோரே மிகுதியும் ஏமாற்றம் அடைகிறார்கள்.

மார்ச் முதல் மே வரை உண்மையான சோதனை. வெப்பம் 40 பாகையைத் தொடும். பிற்பகல் காற்றில் ஈரமே இராது. நிழல்வலை, விடியற்காலை நீர், தொட்டிகளின் கீழே கூழாங்கல் பரப்பி நீர் நிறைத்த தட்டு, செடிகளை நெருக்கி வைத்து அவற்றின் மூச்சீரத்தைப் பகிர்ந்துகொள்ளச் செய்தல் ஆகியவையே வழி. குழாய்நீர் குறைந்து லாரி நீரும் ஆழ்துளைக் கிணற்று நீரும் வரும்போது அதிலுள்ள உப்பு வேர்நுனிகளைக் கருகச் செய்கிறது. அனுபவம் உடையோர் மழைநீரைச் சேமித்து வைத்துக்கொள்கிறார்கள்.

நீர் போதுமா என்பதற்கு அளவுகோல் ஒன்று உண்டு. உலர்ந்த வேர் வெள்ளி நிறமாகத் தெரியும், நனைந்ததும் பச்சையாகும். வெலமன் என்பது உயிரற்ற செல்களின் அடுக்கு. அதில் காற்று நிறைந்திருக்கும்போது வெண்மையாகவும், நீர் நிறையும்போது உள்ளிருக்கும் பசுமை தெரியும்படியும் அது மாறுகிறது. பாடநூலில் ஒரு படமாக இருந்த திசு, பால்கனியில் நாள்தோறும் படிக்கும் குறியாகிறது. வேர் சொல்வதைக் கேட்டு நீர் வார்க்கக் கற்றவருக்குக் கையேடு தேவையில்லை. பெயரின்றி மறைந்த மாலிகளுக்குத் தெரிந்திருந்ததும் இத்தகைய அறிவாகவே இருந்திருக்க வேண்டும். அவர்களின் கவனம் எழுத்தில் இல்லை; அவர்கள் காத்த செடிகளில் இருந்தது.

*வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாதவை*

வளர்ப்பில் தேர்ச்சி பெற்றவருக்கு அடுத்து எழும் ஆசை ஆபத்தானது. மழைக்கால வார இறுதியில் மலைக்குச் செல்பவர் மரக்கிளையில் ஓர் ஏரிடிஸையோ, சரிவில் ஒரு ஹபெனேரியாவையோ காண்கிறார். எடுத்துவந்தால் என்ன என்று தோன்றுகிறது. இந்தியத் தாவரவியல் அளவைத் துறையின் மேற்கு வட்டம் 1955இல் புனேயில் அமைந்தது. அத்துறைக்குத் தலைமை ஏற்ற இயேசு சபைத் துறவி சாந்தாபாவ் பல ஆண்டுகள் கண்டாளா மலையை நடந்தே ஆராய்ந்து அதன் தாவரநூலை எழுதினார். கபாடியாவுடன் இணைந்து பம்பாய்ப் பகுதி ஆர்க்கிடுகளைப் பற்றிய நூலை 1966இல் வெளியிட்டார். அவர் நடந்த மலையின் ஊடாக இன்று விரைவுச்சாலை ஓடுகிறது. சரிவுகளில் ஓய்வு மாளிகைகள் நிற்கின்றன. ஒரு கிளை வெட்டப்படும்போது அதிலிருந்த தொற்றுத் தாவரங்களை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஹபெனேரியா போன்ற தரைவாழ் இனங்கள் தம் மண்ணின் பூஞ்சையோடு பிணைந்தவை. தொட்டியில் அவை ஓரிரு ஆண்டுக்கு மேல் நிலைப்பது அரிது. அவற்றைப் பிடுங்கி வருவது அன்பினால் செய்யப்பட்டாலும் முடிவு ஒன்றே. ஆர்க்கிட் குடும்பம் முழுவதும் பன்னாட்டு வணிக ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக்குள் இருக்கிறது. நீல வாண்டா, சிவப்பு வாண்டா, லேடி ஸ்லிப்பர் ஆர்க்கிடுகள் ஆகியவை 1991ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியே காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் இடம்பெற்றன. சட்டம் பெயர் சொன்ன இனங்கள் சிலவே. மலை இழந்துகொண்டிருப்பவை பல. ஆய்வகத்தில் பிறந்த செடியை வாங்குவதற்கும் காட்டுச்செடியைச் சந்தையில் வாங்குவதற்கும் உள்ள வேறுபாட்டை வளர்ப்போர் உணர்வதே சட்டத்தைவிட வலிய காவல்.

புனேயின் அறிவுலகம் இதற்கு வேறொரு விடையையும் ஆவணப்படுத்தியுள்ளது. 1970களில் மாதவ் காட்கிலும், புனேயில் இன்று அகர்க்கர் ஆய்வு நிறுவனம் என வழங்கும் மகாராஷ்டிர அறிவியல் வளர்ச்சிச் சங்கத்தைச் சேர்ந்த வர்தக்கும், மேற்குத் தொடர்ச்சி மலையின் 'தேவ்ராய்'களை, அதாவது ஊர்த்தெய்வத்துக்கென விடப்பட்ட காவற்காடுகளை, ஆராய்ந்து எழுதினர். தமிழ்நாட்டின் கோயிற்காடுகளுக்கு உறவான அவ்விடங்களில் மரத்தை வெட்டுவது மரபுப்படி விலக்கு. முதுமரம் நிற்கும் இடத்தில் அதன் பட்டையைப் பற்றிய ஆர்க்கிடும் நிற்கும். எவரும் அதை நடவில்லை, நீர் வார்க்கவில்லை. மரத்தை வெட்டாமல் விட்ட ஒரு முடிவே அதன் முழுப் பராமரிப்பு.

பால்கனியில் ஒரு பலேனாப்சிஸைப் பத்தாண்டு காப்பவரும், தேவ்ராயின் கிளையைத் தொடாமல் விட்ட ஊராரும் ஒரே செயலின் இரு வடிவங்களைச் செய்கிறார்கள். எப்போது கை நீட்ட வேண்டும், எப்போது கையைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்ற அறிவு இரண்டுக்கும் பொது. புனேயின் தோட்ட வரலாற்றை இனி எழுதுவோர் ஆளுநர்களின் மாளிகைகளிலிருந்தும் கண்காணிப்பாளர்களின் நூல்களிலிருந்தும் தொடங்கட்டும்; ஆனால் தண்ணீர்க் குடத்தை யார் சுமந்தார் என்று ஒருமுறையேனும் கேட்கட்டும். எடின்பரோவில் கையொப்பமின்றிக் கிடக்கும் அந்தப் படங்கள் இன்னும் அந்தக் கேள்விக்காகக் காத்திருக்கின்றன.